செவப்பு வட்டம்

ஏனுங்க, அந்தப் பொட்டிய மேல வெச்சுப்போடாதீங்க. மடியிலயே வெச்சுக்கங்க. கிணத்துக்கடவு தாண்டுனா குலுக்கி எடுத்துருவான். உக்கடத்துல ஏறுனதுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன், இந்த டிரைவரு கிளட்ச்சு மேலயே கால வெச்சுட்டு ஓட்டறான். நம்மகிட்டப் படிச்சிருந்தா ரெண்டாம் நாளே மொழங்கால்ல ஒரு தட்டுத் தட்டி எடுக்க வெச்சிருப்பேன்.

நமக்குச் சிங்காநல்லூர்ல டிரைவிங் ஸ்கூலுங்க. நாச்சிமுத்துன்னு சொன்னா அந்தப் பக்கம் தெரியாதவன் இல்ல. பாதிப்பேரு நல்லவன்னு சொல்லுவான், மீதிப்பேரு வாயில நல்ல வார்த்தை வராது. ரெண்டு கூட்டமும் லைசென்சு வாங்கி ஒழுங்கா வண்டி ஓட்டிட்டுத்தான் இருக்குது.

கொண்டாங்க, பொட்டிய இப்படித் திருப்புங்க. அட, குட்டிக் காரு செய்யற பொட்டி, செவப்பு ஸ்போர்ட்ஸ் காரு. மொத மொதப் பண்றீங்களா? அதான பாத்தேன். புதுசா வர்றவன் அத்தன பேரும் செவப்புலதான் வந்து விழுவான். இருபத்துநாலுல ஒண்ணு அளவு. நெசக் காரு இருபத்துநாலு அடின்னா இது ஒரு அடி, அந்தக் கணக்கு. பாகம் பாகமாத்தான் இருக்கும், நீங்கதான் ராவணும், பெயிண்ட் அடிக்கணும், ஒட்டணும். பொம்மைன்னு நெனச்சு வாங்கியிருந்தீங்கன்னா இப்பவே சொல்லிப்போடறேன், திருப்பிக் குடுத்துருங்க.

கோவிச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். செவப்புக்கு அடியில வெள்ளை ப்ரைமர் அடிங்க, சாம்பல் அடிச்சீங்கன்னா செவப்பு செத்துப்போயிரும். கண்ணாடிய சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிறாதீங்க. ஒட்டுனப்ப நல்லாத்தான் இருக்கும். காலைல பாத்தா அதோட ஆவி அடிச்சு முன்கண்ணாடி பூசணம் புடிச்சாப்ல வெள்ளையாப் போயிருக்கும். எங்க குரூப்புல ஒருத்தன் அதப் பண்ணிப்போட்டு, "ஊட்டிப் பனியில நிக்கற காரு"ன்னு எழுதி போட்டோ போடறான். அதுக்கும் ஒரு கூட்டம் "சூப்பர் ப்ரோ, சூப்பர் ப்ரோ". நான் ஒருத்தன்தான் சொன்னேன், "தம்பி, அது பனி இல்ல, உன்ற சோம்பேறித்தனம்"னு. அவன் குரூப்ப விட்டே போயிட்டான். போகட்டுமே. உள்ளதச் சொன்னா ஒடம்பெரிச்சல்.

குரூப்புன்னா வாட்ஸப்புலதாங்க. கோயமுத்தூர் பக்கம் குட்டிக் காரு செய்யறவங்களுக்குன்னு நானும் திருமூர்த்தியும் ஆரம்பிச்சது. இப்ப நான் அதுல இல்ல. தூக்கிப்போட்டானுங்க. நான் கட்டுன ஊட்ல இருந்து என்னயவே வெளிய தள்ளிக் கதவச் சாத்திப்போட்டானுங்க.

இப்ப எங்க போறேன்னு கேட்டீங்களே, உடுமலைக்கு. அந்தத் திருமூர்த்தியப் பாக்கத்தான். மக ஊட்டோட போயிட்டான். தீவாளிக்கு முன்னால நடந்த விசயம், இப்ப பங்குனி, இன்னும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. மீசை மொளைக்காத காலத்துல இருந்து சிநேகிதம்ங்க. அவன உட்டா எனக்கு வேற ஆளு யாரு? என்ற ஊட்டுக்காரிகிட்டப் போயி ரேடியேட்டர் கிரில்லப் பத்திப் பேச முடியுமா? இன்னைக்கு நேராப் போயி மூஞ்சிக்கு மூஞ்சி கேட்டுப்போடறேன். நான் வேணுமா, வேண்டாமா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுடான்னு.

அவனுக்கு ஒடம்பு சொகமில்ல. நடுக்குவாதம்ங்கறாங்க. கை நடுங்கும், நடை தளரும், பேச்சு உள்ளுக்குள்ள போயிரும். அதத் தெரிஞ்சுட்டே நான் அவன வதைச்சேன்னு அத்தன பேரும் எம்மேல பழி போடறாங்க. எனக்கு எப்படிங்க தெரியும்? சொன்னாத்தானே தெரியும்?

அவன் யாருன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். மில்லுல சாயப் பட்டறையில நெறம் பாக்கற வேலை. துணிய வெயில்ல ஒருக்கா, ட்யூப்லைட்ல ஒருக்காப் புடிச்சுப் பாத்துட்டு, "நீலம் ஒரு சொட்டு எச்சு"ம்பான். அந்தக் கண்ணு. அவன் பெயிண்ட் அடிச்ச பாடிய நீங்க பாத்திருக்கணும். பாத்ரூம்ல தண்ணிய ஊத்தித் தூசிய அடங்க வெச்சு, சட்டை நூலு பறந்து ஒட்டிக்கும்னு சட்டையக் கழட்டிப்போட்டு, உள்ள போயிக் கதவச் சாத்திக்குவான். அவன் சம்சாரம் இருந்தப்ப வெளிய நின்னு கத்தும், "காருக்குக் குளிப்பாட்டுனது போதும், மனுசங்க குளிக்க வேண்டாமா"ன்னு. மகராசி, போயிச் சேந்துட்டா.

பெயிண்ட்ல நான் அவன் அளவுக்கு இல்ல. ஆனா கோடு, அளவு, வெட்டு, இதுல என்னய அடிக்க ஆளில்ல. அவன் நெறம், நான் கோடு. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா என்ற ஊட்டு மாடியில ரெண்டு பேரும் எதிரெதிரா மேசை போட்டு ஒக்காந்துக்குவோம். மதியம் வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டான். நான்தான் பேசுவேன். அதுவே ஒரு சொகம்.

குரூப்பு ஆரம்பிச்சப்ப நான்தான் சட்டம் போட்டேன். ரெண்டே சட்டம். ஒண்ணு, போட்டோ போட்டா கொறை சொல்லுவோம், அழக்கூடாது. ரெண்டு, கண்காட்சியில வெக்கற காருக்கு முன்னால எவன் பேரு எழுதியிருக்குதோ அவன் கை மட்டுந்தான் அந்தக் காருல பட்டிருக்கணும். கடையில குடுத்துச் செஞ்சுட்டு வந்து நான் செஞ்சேன்னு நிக்கற பணக்காரப் பசங்களுக்குப் போட்ட சட்டம் அது. திருமூர்த்தி அன்னைக்குத் தலைய ஆட்டுனான். ஆட்டுனானா இல்லையா? அதைய நாளைக்கு எவனும் மறைக்க முடியாது.

அப்பறம் ஆளுக சேந்தாங்க. பல் டாக்டர் ஜோயல்னு ஒரு பையன். நல்லாச் செய்வான், இல்லைங்கல. பல்லு நோண்டற ஊசியவெச்சுக் கதவு இடுக்குல பெயிண்ட் வழிச்சு எடுப்பான், பாத்தா அசந்துருவீங்க. ஆனா வாயத் தொறந்தா தேனு. எவன் என்ன கண்றாவியப் போட்டாலும் "அருமை", "அட்டகாசம்", ஒரு கைதட்டற பொம்மை. பல்லு ஆடறவன்கிட்டயும் இப்படித்தான் அருமைன்னு சொல்லி அனுப்புவானோ என்னமோ. இவனை மாதிரி நாலு பேரு இருந்தா எந்தத் தொழிலும் உருப்படாதுங்க.

போன ஆடியில ஒரு முடிவு பண்ணுனோம். பழைய டாக்ஸி ஸ்டாண்டு ஒண்ண அப்படியே பலகை மேல செய்யறது. புளியமரம், டீக்கடை, அதுக்குக் கீழ வரிசையா அம்பாசிடர். ஆளுக்கு ஒரு காரு. திருமூர்த்திக்கு வந்தது கறுப்பு பாடி, மஞ்சள் கூரை. ஐப்பசியில ஒரு கல்யாண மண்டபத்துல கண்காட்சி.

அவன் பெயிண்ட் அடிச்சு மொதல் போட்டோ போட்டான் பாருங்க. கறுப்புல கண்ணாடி மாதிரி மொகம் தெரியுது. நானே எழுதுனேன், "கொறை இல்ல"ன்னு. எங்கிட்ட இருந்து அந்த ரெண்டு வார்த்த வாங்கறது லேசுப்பட்ட காரியமில்ல. மெஷின்ல காத்து புடிச்சு அடிக்கறதுக்குக் கை கொஞ்சம் ஆடுனாலும் தெரியாது. அது இப்பத்தான் எனக்கு ஒறைக்குது.

அடுத்தாப்ல க்ரோம் ஃபாயில். உங்களுக்கு அது தெரியாது, சொல்றேன் கேளுங்க. அந்தக் காலத்துக் காருல ஜன்னலச் சுத்தி வெள்ளியாட்டம் ஒரு கம்பி ஓடுமில்ல? அதுக்குப் பசை தடவுன ஒரு வெள்ளித்தாளு. காகிதத்தவிட மெல்லிசு, மூச்சு விட்டா பறக்கும். அத ஒட்டித் தேச்சு, புதுப் பிளேடப் போட்டு ஓரமா ஒரே இழுப்பு. நிறுத்துனாலும் போச்சு, அமுத்துனாலும் போச்சு, அடியில இருக்கற பெயிண்ட் கீறிக்கும். அதுதான் குட்டிக் காருல பரீட்சையே.

திருமூர்த்தி போட்டோ போட்டான். அட கெரகமே! கோடாங்க அது? பாம்பு போன தடம். ஒரு எடத்துல தடிமன், ஒரு எடத்துல பிஞ்சு தொங்குது, கறுப்பு மேல பிளேடு கிழிச்ச கீறலு. கண்ணாடியாட்டம் இருந்த பாடி. எனக்கு வயிறு எரிஞ்சுது. நெசமாச் சொல்றேன், என்ற காரா இருந்தாக்கூட அப்படி எரிஞ்சிருக்காது.

கீழ வரிசையா விழுகுது. "சூப்பர் அங்கிள்." "நெஞ்சத் தொட்டுருச்சு அங்கிள்." ஜோயலு ஒருபடி மேல போயி, "கைவேலைன்னா இதுதான், ஒவ்வொரு கோட்டுலயும் உயிர் இருக்குது"ன்னு. உயிரா? கோட்டுல எதுக்குடா உயிரு? கோட்டுல நேரு இருந்தாப் போதாதா?

நான் அந்தப் போட்டோவ எடுத்து, தப்பு இருக்கற எடமெல்லாம் செவப்புல வட்டம் போட்டேன். போட்டு முடிக்கறப்ப காரே தெரியல, அம்மைபோட்ட மாதிரி வட்டமாத்தான் தெரியுது. குரூப்புல போட்டுக் கீழ எழுதுனேன்: "திருமூர்த்தி, இது நீ செஞ்சதா, இல்ல பேரன் கையில குடுத்தியா? ஃபாயிலு பூரா உரிச்சு எறி. பிளேடு புதுசாப் போடு. பொறுமை இல்லாதவனுக்கு இது ஆகாது. நம்ம வயசுல அவசரம் எதுக்கு?" அவ்வளவுதான். இதுல ஒரு கெட்ட வார்த்த இருக்குதா சொல்லுங்க.

ஒருத்தனும் பதில் போடல. சாயங்காலம் வரைக்கும் குரூப்பு கப்சிப். சரி, ஒறைச்சிருக்குது, இனித்தான் ஒழுங்கா வேலை செய்வானுங்கன்னு நெனச்சு எனக்கு ஒரு திருப்தி. அப்பறம் ஜோயல் போன் பண்றான். "அண்ணா, அவர் விசயத்துல கொஞ்சம் பாத்து எழுதுங்க. அவர் நெலமை உங்களுக்குத் தெரியும்ல?" "எனக்குத் தெரியாததாடா?"ன்னேன். "அவன் நெலமை எனக்கு உன்ற அப்பன் காலத்துல இருந்து தெரியும். சம்சாரம் போன வெசனம் இருந்தா கோடு கோணலாத்தான் போகணுமா?" அவன் ஏதோ சொல்ல வந்தான். நீ பல்லப் புடுங்கற வேலையப் பாருன்னு வெச்சுப்போட்டேன். பாத்தீங்களா, அவனாவது தேங்காய ஒடைச்சாப்ல சொன்னானா? சொல்லலையே.

பொள்ளாச்சி வந்துருச்சுங்களா? எறங்காதீங்க, இங்க டீ நல்லாருக்காது. கொய்யா வேணும்னா ஜன்னல்லயே வரும்.

அடுத்த ஞாயித்துக்கெழம திருமூர்த்தி என்ற ஊட்டுக்கு வந்தான். மாடிப்படி ஏறி வர அத்தன நேரம் எடுத்துக்கறான். "என்றா, மாப்பிள்ளை ஊர்வலமா?"ன்னு கேட்டேன். சட்டையில மேல் பொத்தான் ரெண்டும் போடல. "வயசான காலத்துல மைனரு"ன்னு கிண்டல் பண்ணுனேன். சிரிக்கல. முந்தியெல்லாம் நான் ஒண்ணு சொன்னா தோளக் குலுக்கிச் சிரிப்பான். கொஞ்ச நாளாவே அவன் மூஞ்சி கட்டையாட்டம் ஆயிருச்சு, நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் ஒரே மாதிரிப் பாக்கறது. பெயிண்ட்ட எல்லாரும் புகழ்ந்துபோட்டாங்கல்ல, கர்வம் வந்துருச்சுன்னு நான் நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தாங்க நெனப்பாங்க.

என்ற ஊட்டுக்காரி காப்பி குடுத்தா. அவன் டம்ளர எடுக்கறப்ப அடியில இருந்த வட்டா பூரா ஊத்திக்கிட்டான். "காப்பிய நிறுத்துடா, நரம்பெல்லாம் கெட்டுப்போச்சு"ன்னேன். என்ற ஊட்டுக்காரி என்னய மொறைச்சுப்போட்டு உள்ள போயிட்டா. அவ எதுக்குத்தான் மொறைக்க மாட்டா?

அப்பறம் பையில இருந்து அந்தக் கறுப்புக் கார எடுத்து மேசையில வெச்சான். ஃபாயில உரிச்சு, கீறலை எல்லாம் ராவி, மறுபடியும் பெயிண்ட் அடிச்சு, பளபளன்னு கொண்டாந்திருக்கறான். பக்கத்துல புது ஃபாயிலு, புது பிளேடு. "நாச்சி, கோடு மட்டும் நீ போட்டுக் குடு"ங்கறான். அதுவும் மொனகலா. "சத்தமாப் பேசு"ன்னேன். மறுபடியும் அதையே சொன்னான்.

எனக்குச் சுரீர்னு வந்துருச்சு. சட்டம் போட்டப்பத் தலைய ஆட்டுனவன் இவன். "ஏன்டா, உன்ற பேரு எழுதி என்ற கோட்டக் காட்டப் போறியா? ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒண்ணா?"ன்னு கேட்டேன். அவன் காரையே பாத்துட்டு ஒக்காந்திருந்தான். நான் சும்மா விடல, சொல்லிக் குடுத்தேன். மணிக்கட்டுக்கு அடியில தலையாணி வை, மூச்ச அடக்கு, பிளேட எழுதுகோலாட்டம் புடிக்காத, படுக்க வெச்சுப் புடின்னு எல்லாம் சொன்னேன். மதியம் வரைக்கும் சொன்னேன். எதிர்ல ஒரு மனுசன் இருந்து கேட்டுக்கிட்டதால அன்னைக்கு எத்தனையோ நாளைக்கப்பறம் நல்லாப் பேசுனேன். அவன் காரப் பையில போட்டுட்டுப் படியில ஒவ்வொரு காலா வெச்சு எறங்கிப் போனான்.

போட்டுக் குடுத்திருக்கலாம்னு நீங்களும் நெனைக்கறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. நெனைங்க. இன்னைக்கு இவனுக்குக் கோடு, நாளைக்கு அவனுக்குச் சக்கரம், அப்பறம் எதுக்குங்க ஒவ்வொருத்தன் பேரு?

கண்காட்சி வந்துச்சு. மண்டபத்துல நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பசங்க, பேப்பர்க்காரங்க. எங்க டாக்ஸி ஸ்டாண்டச் சுத்தி நிக்க எடமில்ல. நான் போயிப் பாக்கறேன், நடுவுல திருமூர்த்தியோட கறுப்புக் காரு. ஜன்னல் ஓரத்துக் கோடு கம்பி இழுத்தாப்ல நிக்குது. எனக்கு மொதல்ல சந்தோசம்தான் வந்துச்சு. பொய் சொல்லல. சொன்னதக் கேட்டுச் செஞ்சுட்டான்டா படவான்னு அவனத் தேடுனேன்.

அப்பறம் பூதக்கண்ணாடிய எடுத்துக் குனிஞ்சு பாத்தேன். முன் கண்ணாடி மூலையில பிளேடத் திருப்புன எடம். அது திருமூர்த்தி கை இல்ல. பல்லு நோண்டற ஊசியில மூலைய அமுத்தி விட்ட தடம். நான் நூறு பேரோட கையத் தெரிஞ்சவன், ஸ்டீயரிங் புடிக்கறதப் பாத்தே எவன் எப்படிப்பட்டவன்னு சொல்லுவேன். எங்கிட்டயா? காருக்கு முன்னால இருந்த அட்டையில "திருமூர்த்தி"ன்னு அவனே எழுதியிருக்கறான், எறும்பு ஊர்றாப்ல அத்தன சின்ன எழுத்து. எழுதறதுக்கே வெக்கம் போலன்னு நெனச்சேன்.

நான் அட்டைய எடுத்துட்டேன். "இந்தக் கோடு யாரு போட்டது?"ன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன், நம்ம தொண்டை அப்படி. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. ஜோயல் ஓடியாந்து என்ற கையப் புடிச்சான். "அண்ணா, நான்தான் போட்டேன். அவருக்கு முடியல. விட்டுருங்க, ஆளுக பாக்கறாங்க"ன்னான். "பாக்கட்டும். முடியலைன்னா ஊட்ல ஒக்காரச் சொல்லு. முடியாதவனுக்கு எதுக்குடா கண்காட்சி?"ன்னு கேட்டேன். கேட்டேன், இல்லைன்னு சொல்லல. கோவத்துல வர்ற வார்த்தைக்கு எவன் பிரேக் போட முடியும்?

பின்னால நாற்காலியில ஒக்காந்திருந்தான் திருமூர்த்தி. எந்திரிச்சு வந்தான். இழுத்து இழுத்து நடந்து வந்து, அந்தக் காரத் தூக்கறதுக்குக் கைய நீட்டுனான். கை நிக்கலைங்க. ஆடுது. பலகை மேல காரு கடகடன்னு அடிச்சுக்குது. சைடு கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு. புளியமரத்துக்குக் கீழ நின்ன டீக்கடைக்காரப் பொம்மை சாஞ்சுபோச்சு. ஒரு பையன் குனிஞ்சு எடுக்கப் போனான், அவங்கம்மா தோளப் புடிச்சு இழுத்துக்கிட்டா. 

நான் பதறிட்டேன். "ஏன்டா, இத்தன நடுக்கம் இருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கண்டவனுக்கெல்லாம் சொல்லியிருக்கற, எனக்குச் சொல்லலையே"ன்னேன். ஆமா, எனக்கும் வலிக்காதா? பல்லுப் புடுங்கறவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலைன்னா நான் என்ன மனுசன்?

அவன் ஏதோ சொன்னான். மொனகல். "சத்தமாச் சொல்லுடா"ன்னேன்.

"உங்கிட்டத்தான்டா மொதல்ல சொன்னேன்"னான்.

எப்படான்னு கேட்டேன். "வைகாசியில. ஆஸ்பத்திரியில இருந்து உன்ற காருல வர்றப்ப."

கூட்டிட்டுப் போனது வாஸ்தவந்தான். கழுத்து எலும்பு தேய்மானம், ஒரு டாக்டரப் பாக்கணும்னான், நம்ம பழைய காருல கூட்டிட்டுப் போனேன். அவன் உள்ள போனான், நான் வெளிய வண்டியிலயே ஒக்காந்திருந்தேன், நிழல்ல விட எடமில்ல. திரும்பி வர்றப்பப் பேசிட்டே வந்தோம். என்ன பேசுனோம்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. எனாமல் பெயிண்ட் மேல லாக்கர் வார்னிஷ் அடிக்கக் கூடாது, அடிச்சா அடிப் பெயிண்ட் சுருங்கிப் பால் ஏடாட்டம் மடிஞ்சுக்கும்னு சொன்னேன். அவினாசி ரோட்டு சிக்னல்ல நின்னப்ப, லாக்கர் மேல எனாமல் அடிக்கலாம், அது ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன். மழைக் காத்துல வார்னிஷ் அடிச்சா வெளுத்துப்போகும்னு சொன்னேன். லட்சுமி மில் திரும்பறப்ப ஒரு பஸ்காரன் குறுக்க வந்தான், அவனத் திட்டுனேன். எல்லாம் ஞாபகம் இருக்குது. நான் சொன்னது ஒரு வார்த்த விடாம ஞாபகம் இருக்குது.

அவன் என்ன சொன்னான்னுதான்... மொனகுனா எப்படிங்க கேக்கும்? வண்டி ஓட்டறவன் ரோட்டப் பாப்பானா, பக்கத்து சீட்டப் பாப்பானா? நிறுத்துடா, ஒரு விசயம் சொல்லணும்னு சொன்னா நான் ஓரங்கட்டியிருக்க மாட்டேனா? சொல்ற விதத்துல சொல்லணுமில்ல?

அன்னைக்குச் சாயங்காலமே குரூப்புல இருந்து என்னயத் தூக்கிட்டாங்க. சட்டம் போட்டவன் நான், தூக்குனது அந்த ஜோயலு. போன் பண்ணித் திட்டலாம்னு பாத்தா எடுக்கல. கார்த்திகையில திருமூர்த்தி மக வந்து அவனக் கூட்டிட்டு உடுமலைக்குப் போயிருச்சு. போறப்ப எங்கிட்டச் சொல்லல. எதுத்த ஊட்டுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் பண்ணுனா அந்தப் பொண்ணுதான் எடுக்குது. "அப்பா தூங்கறாருங்க மாமா"ங்குது. காலைல பண்ணுனாலும் தூங்கறாரு, மதியம் பண்ணுனாலும் தூங்கறாரு. நான் தூக்கி வளத்த புள்ள, எங்கிட்டயே பொய்யி.

என்ற ஊட்டுக்காரி சொல்றா, "தவக்கள தன் வாயால கெட்ட மாதிரிக் கெட்டீங்க, போயி மன்னிப்புக் கேளுங்க"ன்னு. மன்னிப்பா? நான் எதுக்குக் கேக்கணும்? சட்டம் சட்டம்தான். கோடு கோணல்னா கோணல்தான். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். ஞாயித்துக்கெழம ஆனா மாடியில என்ற மேசையில ஒக்காந்து வேலை செய்யறேன். எதிர் மேசை சும்மாத்தான் கெடக்குது. பேசறதுக்கு வாயத் தொறந்துபோட்டு அப்பறம் மூடிக்கறேன். பைத்தியம் புடிச்சுரும் போல இருக்குதுங்க. அதனாலதான் சொல்றேன், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு.

என்னப்பா கண்டக்டரு? உடுமலையா? தெரியும், தெரியும், எனக்குக் கண்ணு இருக்குது. எறங்கறவங்க எறங்கட்டும், நீ எதுக்கு என்ற தலைமேல நின்னு கூவற? போன வாரமா? போன வாரம் கண்ணசந்துட்டேன். அதுக்கு முந்தின வாரம் பழனியில ஒரு சோலி இருந்துச்சு. வாராவாரம் எங்க எறங்கறேன்னு உன்னய யாராச்சும் கணக்குக் கேட்டாங்களா? விசிலக் குடு, போகலாம். உடுமலையில இருந்து பழனிக்கு ஒண்ணு கிழி.

இந்தக் காலத்துப் பசங்களுக்கு வாய் பாருங்க. முறையாப் பேசத் தெரியறதில்ல.

நீங்க என்னங்க அப்படிப் பாக்கறீங்க? எறங்கியிருக்கணும்ங்கறீங்களா? ஸ்டாண்டுல இருந்து நடக்கற தூரந்தான் அவன் மக ஊடு. எறங்கலாம், நடக்கலாம், கதவத் தட்டலாம். அந்தப் பொண்ணு தொறக்கும். அவன் உள்ள கட்டில்ல சாஞ்சிருப்பான், அந்த மூஞ்சிய வெச்சுட்டு என்னயப் பாப்பான். சரி, பாக்கறான். அப்ப மொத வார்த்த நான் என்னன்னு சொல்றது? உக்கடத்துல இருந்து உங்ககிட்ட இத்தன பேசுனேன்ல, அந்த ஒரு வார்த்த எனக்கு வர மாட்டேங்குதுங்க. நீங்க படிச்சவங்களாத் தெரியறீங்க. நீங்கதான் சொல்லுங்களேன். ஏனுங்க, சும்மா ஜன்னலப் பாத்துட்டு இருந்தா எப்படி? சொல்லுங்க. நான் பேசாமக் கேட்டுக்கறேன்.